வலி இருந்தால் தெரிவிக்கவும்

என்னோடு கடைசிக் காலத்தில் வேலை செய்த தாதி ஒருத்தி, போன கிழமை ஒரு துண்டுப்பிரசுரத்தின் படத்தை என் கைபேசிக்கு அனுப்பியிருந்தாள். தைரொய்ட் கட்டிகளை வெட்டாமல், ஊசி வழியாகச் சூடு கொடுத்து வற்றவைக்கும் அறையை எங்கள் ஆஸ்பத்திரியில் திரும்பவும் திறக்கிறார்களாம். அந்த வேலையைச் செய்த டொக்டர் வெளிநாடு போன பிறகு பூட்டிக் கிடந்த அறை அது. புதிதாக ஒருவர் வருகிறார், நோயாளர்களுக்குக் கொடுக்க இந்தத் தாளை அச்சடித்திருக்கிறார்கள். "பிழை இருந்தால் சொல்லுங்கோ மிஸ்" என்று கீழே எழுதியிருந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிழை பிடிக்கிற ஆசையோடுதான் வாசித்தேன். அரசாங்கத் தமிழ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது நல்ல தமிழ், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கடைசி வரி இப்படி முடிந்தது: "சிகிச்சையின்போது வலி இருந்தால் உடனே தெரிவிக்கவும்."

பிழை இல்லை என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வரி என்னை விடுவதாக இல்லை. எழுதியவர் வன்னிச் சனத்தோடு பழகாதவராக இருக்கவேண்டும். இங்கே யார் எப்போது வலியைத் தெரிவித்தார்கள்?

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன். கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கிற விதத்துக்கே ஏச்சு வாங்கினேன். முதல் நியமனம் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த ஊர் முஸ்லிம்களுடையது. அப்போது அங்கே மின்சாரம் இல்லை, பள்ளிவாசலில் ஒலிபெருக்கியும் இல்லை. ஒரு இளந்தாரி தொழுகைக்கு அழைத்து வெறுந்தொண்டையால் பாங்கு சொல்லுவார். வயலைத் தாண்டி அந்தக் குரல் என் சன்னலுக்கு வரும். ஆளை நான் பார்த்ததில்லை. காலைப் பாங்கு கேட்டு எழும்பினால் ஆறுதலாகக் குளித்து, தேத்தண்ணி குடித்து, டியூட்டிக்கு நேரத்துக்குப் போய்விடலாம். எனக்கு மணிக்கூடு வாங்கவேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு எங்கள் இனத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் அந்த ஊர்ச் சனத்தை வெளியேறச் சொன்னார்கள். கையில் எடுத்ததோடு போனார்கள். அடுத்த நாள் நான் டியூட்டிக்குப் பிந்தினேன். என் மேலதிகாரி ஏசினா. நித்திரையாகிப் போனேன் என்று சொன்னேன். ஒரு ஊரே இல்லாமல் போனது எனக்கு முதலில் அப்படித்தான் தெரிந்தது.

போர் வருடங்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதுங்குகுழிக்குள் பிள்ளையின் வாயைப் பொத்தி வளர்த்த சனம் இது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாலும் வாயைத் திறக்காது. பிள்ளைப்பேற்று அறையில்கூடச் சத்தம் கேட்காத நாட்கள் உண்டு. வெளியூரிலிருந்து வந்த ஒரு டொக்டர் எங்கள் பெண்களை நல்ல பொறுமைசாலிகள் என்று புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இந்த ஊர்தானே.

நான் ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கும்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்தச் சூடு கொடுக்கிற மெஷின் வந்தது. மெஷினோடு டொக்டரும் வந்தார். யாழ்ப்பாணத்தார், ஸ்கான் பார்க்கிற நிபுணர், வெளிநாட்டில் இந்த வேலையைப் பழகி வந்தவர். மெலிந்த ஆள். அவர் மெதுவாகக் கதைப்பதைக் கேட்க நாங்கள் கிட்டப் போகவேண்டும். யாரையும் ஏசமாட்டார். கோபம் வந்தால் இன்னொரு தரம் கை கழுவுவார். நாங்கள் அவருடைய கோபத்தைக் குழாய்ச் சத்தத்தை வைத்துத்தான் அளப்போம்.

முதல் நோயாளி வருவதற்கு முன்னர் அவரே கட்டிலில் படுத்துப் பார்த்தார். தோளுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைக்கச் சொல்லி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, கனநேரம் அசையாமல் கிடந்தார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. எழும்பி, கூரையில் மழைத்தண்ணி ஊறிக் கறுத்திருந்த இடத்தைக் காட்டினார்.

"இதைத்தானே அவை முழு நேரமும் பாக்கப் போகினம்."

பெயின்ற் அடிக்க ஆள் கேட்டுக் கடிதம் எழுதினோம். ஆள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவரே பெயின்ற் வாங்கிவந்து, கதிரைக்கு மேல் ஏறி நின்று அடித்தார். அப்படிப்பட்ட மனிதரும் சிகிச்சை தொடங்கிய முதல் கிழமையிலேயே ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தார்.

பூவரசங்குளத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குச் சிகிச்சையை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். புற்றுநோய் இல்லை என்று ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்தாயிற்று, வெட்டத் தேவையில்லை என்றெல்லாம் சொன்னார். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தா. கடைசியில் டொக்டர், "கட்டியை உள்ளுக்கை வச்சே சுட்டுவிடுவம், அம்மா" என்றார். அம்மா தலையாட்டுவதை நிறுத்தினா. கொண்டையை முடிந்துகொண்டு எழும்பி, கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தா.

"எங்கடை வீட்டிலை ஏற்கெனவே ஒராளைச் சுட்டுப்போட்டினம், ஐயா."

டொக்டர் அன்றைக்குக் கனநேரம் கை கழுவினார். கோபம் தன்மீதுதான். பின்னேரம் கன்ரீனில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு யோசித்தவர், திடீரென்று, "புட்டை நாங்கள் என்ன செய்யிறம்? அவிக்கிறம்தானே" என்றார். அடுத்த நாளிலிருந்து கட்டியை அவிப்பதாகத்தான் சொன்னார். சனத்துக்கு விளங்கியது. எங்கள் அறைக்குப் புட்டுப்பானை என்று பெயர் வந்தது. பூவரசங்குளத்து அம்மாவும் பிறகு வந்து அவித்துக்கொண்டு போனா.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. நோயாளியை மயக்குவதில்லை. கழுத்தை மட்டும் ஊசி போட்டு விறைக்கப் பண்ணுவோம். டொக்டர் ஒரு கையால் ஸ்கான் பார்த்துக்கொண்டு, மற்றக் கையால் கழுத்தின் நடுப்பக்கமிருந்து நீளமான ஊசியைக் கட்டியின் அடிக்குக் கொண்டுபோவார். தரையில் இருக்கிற மிதியைக் காலால் மிதித்தால் ஊசி நுனியில் சூடு ஏறும். திரையில் அந்த இடம் நுரைத்து வெள்ளையாகும். வெள்ளையானதும் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து அடுத்த இடம். ஊசிக்குள் குளிர்ந்த தண்ணி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அந்தத் தண்ணிப் பையைச் சுற்றி ஐஸ் அடுக்குவது என் பொறுப்பு. ஆஸ்பத்திரி ஐஸ்பெட்டி பழுதான நாட்களில் மீன் சந்தையில் ஐஸ் வாங்கினோம். அன்றைக்கெல்லாம் அறையில் சூடைமீன் மணக்கும். டொக்டர் மூக்கைச் சுளித்ததில்லை.

கட்டிக்குப் பின்னால், மூச்சுக்குழாய்க்கும் கட்டிக்கும் இடையில் ஒரு மூலை இருக்கிறது. குரல் நரம்பு அந்த வழியால்தான் போகிறது. அந்த இடத்தில் கட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் தொடாமல் விட்டுவிடுவார். இருந்தும் சூடு கசிந்து போகலாம். அது போகிறதா என்று திரையில் தெரியாது, நோயாளிதான் சொல்லவேண்டும். நோ காதுக்கோ பல்லுக்கோ ஏறினால் சொல்லவேண்டும். டொக்டர் இடைக்கிடை காலை எடுத்துவிட்டு, "கதையுங்கோ" என்பார். அவர் கதையைக் கேட்பதில்லை, குரலைத்தான் கேட்பார். கண் திரையில் இருக்கும், தலை மட்டும் நோயாளியின் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஆனால் எங்கள் சனம் நோவைச் சொல்லாது. நோகுதோ என்று கேட்டால் வன்னிப் பெண்கள் "ஒண்டுமில்லை" என்பார்கள். ஜெயபுரத்திலிருந்து ஒரு அக்கா வந்தா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், நிலக்கடலை போடுகிறவர்கள். கண்ணால் தண்ணி வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருக்க, "பரவாயில்லைங்க, நீங்க செய்யிங்க" என்று டொக்டருக்கு ஆறுதல் சொன்னா. டொக்டர் வவுனியாவில் ஒரு கடையில் ரப்பர் வாத்து ஒன்று வாங்கிவந்தார். அமுக்கினால் கீச்சிடும் குழந்தைப்பிள்ளைச் சாமான். நொந்தால் இதை அமுக்குங்கோ என்று கையில் கொடுத்தோம். எல்லாரும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஒருவரும் அமுக்கவில்லை. அந்த வாத்து கீச்சிட்டதென்றால், நாங்கள் தாதிமார் வேலையில்லாத நேரம் அமுக்கியதுதான்.

ஹனீபா நானா வந்தது இதற்குப் பிறகு. முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற முறையில் நாங்கள் நானா என்போம். தொப்பி, வெள்ளைச் சட்டை. கழுத்தின் வலப்பக்கம் தேங்காய்ப் பாதி அளவில் கட்டி இருந்ததால் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. விழுங்கக் கஷ்டம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். எத்தனையோ வருடமாக வைத்திருக்கிறார். வெட்டி எடுக்கலாம் என்று வேறு ஆஸ்பத்திரியில் சொல்லி, குரல் போகச் சின்னச் சாத்தியம் இருக்கிறது என்றும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வசனத்தைக் கேட்டு எழும்பிப் போனவர், எங்கள் அறையைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன்.

"பள்ளியிலை மோதினார், தங்கச்சி. பாங்கு சொல்றது."

அப்போதும் நீங்கள்தானா என்று கேட்டேன். ஓம் என்றார், வெளியேறும் வரைக்கும் நான்தான். நான் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த வாடகை வீட்டைப் பற்றியும் மணிக்கூடு வாங்காததைப் பற்றியும் சொன்னேன். பிந்திப் போனதையும் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்ப உங்களுக்கு அண்டைக்கு ஏச்சு விழுந்திருக்கும்" என்றார்.

புத்தளத்தில் முகாமில் இருந்து, உப்பளத்தில் கூலி வேலை செய்து, தலை நரைத்துத் திரும்பி வந்திருக்கிறார். திரும்பி வந்தவை சில குடும்பங்கள்தான். பிள்ளைகளின் படிப்பும் கடையும் புத்தளத்தில் இருக்க, ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக இருக்கிறார்கள். கூரையில்லாத பள்ளிக்குள் பற்றையை வெட்டிவிட்டு முதல் பாங்கு சொன்னது இவர். குரல் கேட்கிறவரைக்கும்தான் சனம் நிற்கும், குரல் நின்றால் ஒவ்வொருத்தராகப் போய்விடுவார்கள் என்று டொக்டரிடம் சொன்னார். கட்டி கிடந்தாலும் பரவாயில்லை, குரலைக் காப்பாற்றித் தாருங்கள் என்றார்.

டொக்டர் ஒளிக்கவில்லை. இதிலும் ஆபத்து இருக்கிறது, வெட்டுவதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை என்றார். கட்டி பெரிது, பின்பக்கம் ஆழமாகப் போயிருக்கிறது. காதுக்கு நோ ஏறினால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அந்த நிமிடமே காலை எடுத்துவிடுவேன், மிச்சத்தை இன்னொரு நாள் செய்யலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அன்றைக்கு ஐஸ் ஆஸ்பத்திரி ஐஸ், மீன் மணம் இல்லை. வாத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். முன்பக்கம் சுகமாகப் போனது. டொக்டர் "கதையுங்கோ" என்றபோதெல்லாம் உப்பளத்தைப் பற்றிச் சொன்னார். உப்புப் பட்டுக் கால் வெடிப்பது, கண்ணாடி மாதிரி வெயில் அடிப்பது. நல்ல கணீரென்ற குரல், நான் சன்னலுக்குள் கேட்ட அதே குரல்தான், கொஞ்சம் தடித்திருந்தது. பாங்கின் முதல் வரியைச் சொல்லிக் காட்டுங்களேன் என்று கேட்டேன். நேரமில்லாத நேரம் சொல்லக்கூடாது தங்கச்சி என்றார்.

பிறகு ஊசி கட்டியின் பின்பக்கம் போனது. டொக்டர் சூட்டைக் குறைத்தார். நான் நானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நெற்றியில் வேர்த்தது.

"நோகுதோ நானா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

சுகமோ என்று கேட்டாலும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். சாப்பிட்டீர்களோ என்றாலும் அதுதான். இறைவனுக்கே புகழ். எங்கள் காதுக்கு அது நல்லம் என்றுதான் கேட்கும், டொக்டருக்கும் அப்படித்தான் கேட்டது. டொக்டர் தலையைச் சாய்த்துக் குரலைக் கவனித்தார். அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னால் பாதி வெறும் மூச்சுத்தான், அதிலே குரல் கம்முவது பிடிபடாது. இன்னொரு தரம் கேட்டேன். திரும்பவும் அதையே, இன்னும் மெதுவாகச் சொன்னார். டொக்டர் சட்டென்று காலை எடுத்தார்.

"கதையுங்கோ. உப்பளத்தைப் பற்றிக் கதையுங்கோ."

நானா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

டொக்டர் என் பக்கம் கையை நீட்டினார். தயாராக வைத்திருந்த குளிர்ந்த குளுக்கோஸ் தண்ணியைக் கேட்டார், கொடுத்தேன். நரம்பு இருக்கிற மூலைக்குள் அதைச் செலுத்தி ஆற்றினார். காத்திருந்தோம். கதையுங்கோ என்றார். காற்று. இன்னும் தண்ணி. இன்னும் காற்று. நானா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். டொக்டர் அடித்த வெள்ளைப் பெயின்ற் அங்கே மாசு மறுவில்லாமல் இருந்தது. வாத்து வயிற்றின்மேல் வைத்தபடியே கிடந்தது. அவருடைய கை கட்டில் விரிப்பைப் பிடித்திருந்தது, விரலை ஒவ்வொன்றாக நான்தான் விடுவித்தேன்.

கழுத்துக்கு ஐஸ் வைத்து, வார்டுக்கு அனுப்பிய பிறகு டொக்டர் கை கழுவப் போனார். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. கடைசியில் நான் போய்க் குழாயைப் பூட்டினேன்.

அனேகமானவர்களுக்குச் சில மாதங்களில் குரல் திரும்பும் என்று டொக்டர் நானாவிடம் சொன்னார். பொய்யில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். நானா கிசுகிசுத்த குரலில் பதில் சொன்னார். காதுக்குள் கம்பி விட்டமாதிரி நொந்ததாம். பல்லெல்லாம் கழன்றதுபோல இருந்ததாம். சொன்னால் நிறுத்திவிடுவீர்கள், நிறுத்தினால் மிச்சத்தை வெட்டத்தான் சொல்வீர்கள் என்று பயந்தாராம். குரலைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டுவிட்டு, சாப்பிட முடியாமல் தட்டை மூடிவைத்தேன்.

மாதா மாதம் கிளினிக்குக்கு வந்தார். கட்டி வற்றிக்கொண்டே போனது. ஸ்கானில் பார்த்தால் எங்கள் அறையில் நடந்தவற்றில் அதுபோல அழகாக வற்றிய கட்டி வேறில்லை. சட்டையின் மேல் பொத்தான் பூட்டியது, சோறு சுகமாக இறங்கியது, மல்லாந்து படுத்து நித்திரை கொண்டார். குரலும் கொஞ்சம் வந்தது. கிட்ட இருந்து கதைக்க அது போதும். வயலைத் தாண்டாது. டொக்டர் ஒவ்வொரு முறையும் அவரைக் கடைசியாகக் கூப்பிடுவார், கூட நேரம் இருப்பார். அடுத்த வருடம் டொக்டர் வெளிநாடு போய்விட்டார். நாட்டின் பொருளாதாரம் விழுந்து கிடந்த நிலைமையில் எத்தனையோ டொக்டர்மார் போனார்கள். இவர் போனதற்கு ஹனீபா நானாவும் ஒரு காரணமோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் உண்டு. கேட்கவில்லை. அறையைப் பூட்டினார்கள். வாத்து உள்ளே எங்கேயோ கிடக்கும்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னர் நானா கடைசித் தடவையாக வந்தார். ஸ்கான் பார்க்க வேறு ஆள் இல்லை, சும்மா உங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். வாசலில் பலகை வாங்கில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். பள்ளியில் யார் பாங்கு சொல்கிறார்கள் என்று கேட்டேன். வெளியூரிலிருந்து ஒரு மௌலவி வந்திருக்கிறாராம், நல்ல பிள்ளை, நல்ல குரலாம். நானா பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் முதல் எழும்பிப் போய்ப் பள்ளியைத் திறந்து, பாயை விரித்து, மைக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு விலகி நிற்பாராம். இரண்டு குடும்பம் புத்தளத்துக்கே திரும்பிப் போய்விட்டது. பக்கத்துத் தமிழ் வீட்டு அம்மா ஒருத்தி, ஏன் குரல் மாறிப்போச்சு என்று வேலியால் எட்டிக் கேட்டாவாம்.

"நீங்கள் எப்பிடி நானா?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்."

"அது அல்லாஹ்வுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்கோ. நோகுதோ?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்தார். தொப்பியைக் கழற்றித் துடையில் வைத்து மடித்தார். கிளினிக் கதவை யாரோ சாத்தினார்கள்.

"நோகுது, தங்கச்சி."

அதை அன்றைக்குக் கட்டிலில் சொல்லியிருந்தால் டொக்டர் மிதியிலிருந்து காலை எடுத்திருப்பார். இப்போது எடுப்பதற்கு எவருடைய காலும் அங்கே இருக்கவில்லை.